பழுதான கணினி இயங்குதளம்: திருத்துவதா, மாற்றுவதா?

தோட்டப்புற இல்லங்களில் கணினி இன்று அரிய பொருள் அன்று. பிள்ளைகளின் பள்ளிப் பாடம், சேமநிதிக் கணக்கு, வங்கிப் பரிமாற்றம், வெளியூரில் வாழும் உறவினரோடு உரையாடல் எனப் பல தேவைகளுக்கு நாம் அதனை நாடுகின்றோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனோ மருமகனோ வாங்கி அனுப்பிய பழைய மடிக்கணினியே பல வீடுகளில் பயன்பட்டு வருகின்றது. அது நன்றாக இயங்கும்வரை கவலை இல்லை. ஒரு நாள் திடீரென நின்றுவிட்டால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இருப்பதைத் திருத்திக்கொள்வதா? புதிய இயங்குதளத்திற்கோ புதிய கருவிக்கோ மாறுவதா?

இக்கேள்விக்கு அவசரத்தில் விடை கண்டால் இழப்பு இரு வகைகளில் வரும். திருத்தக்கூடிய கருவியைத் தூக்கி எறிந்தால் உழைத்துச் சேர்த்த பணம் வீணாகும். மாற்ற வேண்டியதை மாற்றாமல் ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தால் வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் பிள்ளைகளின் பாடக்குறிப்புகளும் ஒருசேரப் பறிபோகக்கூடும். ஆகவே, முடிவு செய்யும் முறையை நாம் படிப்படியாக அறிந்துகொள்வது நல்லது. நமது அண்டை நாடான சிங்கப்பூர் இவ்வகையில் பட்டறிந்த சில உண்மைகள் நமக்கு வழிகாட்டும்.

இயங்குதளம் என்றால் என்ன?

கணினியைத் தொட்டுப் பார்க்கக்கூடிய பகுதிகள் திரை, விசைப்பலகை, வன்தட்டு, நினைவகம் முதலியவை. இவை தாமாக எதையும் செய்யமாட்டா. கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் உதவும் செயலிகள் வேறு. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று, எந்த வேலையை எப்போது எந்தப் பகுதி செய்ய வேண்டும் என்று பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை ஆணைத் தொகுதியே இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகியவை இயங்குதளங்கள்.

தோட்டத்தை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். மரங்களும் கத்திகளும் வாளிகளும் இருக்கின்றன. உழைக்கும் கரங்களும் இருக்கின்றன. ஆயினும், அதிகாலையில் பெரட்டுக் களத்தில் எந்த நிரையில் யார் மரம் சீவுவது என்று பங்கிடுவோரும், மாலையில் பாலின் நிறையைக் கணக்கில் ஏற்றுவோரும் இல்லையென்றால் அன்றைய வேலை குழம்பிவிடும். கணினியில் அந்தப் பொறுப்பை ஏற்பது இயங்குதளம். எனவே, அது பழுதானால் நல்ல வன்தட்டும் நல்ல திரையும் இருந்தும் கணினி செயலற்றுப் போகின்றது.

முதற்படி: நோய் எங்கே உள்ளது?

மரத்தில் பால் வற்றிவிட்டால் பட்டை காய்ந்ததா, வேர் அழுகியதா, மழை தவறியதா என்று ஆராய்ந்த பிறகே நாம் முடிவெடுக்கின்றோம். கணினிக்கும் அதே ஒழுங்கு தேவை. பழுது இயங்குதளத்தில் உள்ளதா, கருவியின் உறுப்பில் உள்ளதா என்பதே முதலில் தெரிய வேண்டும். உறுப்பு கெட்டிருக்கையில் இயங்குதளத்தை மாற்றுவது, வேர் அழுகிய மரத்திற்குப் பட்டையில் மருந்து பூசுவதற்கு ஒப்பாகும்.

சில அடையாளங்களை இங்கே காண்போம்.

வன்தட்டிலிருந்து 'டக், டக்' என்ற ஓசை கேட்டால் அது உறுப்பின் பழுது. அந்நிலையில் வேறு எந்தத் திருத்த முயற்சியும் செய்யாமல் கோப்புகளை வேறிடத்திற்குப் படியெடுப்பதே முதல் கடமை. கணினி மிகவும் சூடாகிச் சிறிது நேரத்தில் தானாக அணைந்தால் பெரும்பாலும் உள்ளே தூசி அடைத்திருக்கும். அல்லது காற்றாடி நின்றிருக்கும். புதிய செயலியை நிறுவிய மறுநாள் தொல்லை தொடங்கியிருந்தால் ஐயம் அச்செயலியின் மீதே விழ வேண்டும். வன்தட்டில் இடம் அறவே நிறைந்துவிட்டாலும் இயங்குதளம் தடுமாறும்; தேவையற்ற கோப்புகளை நீக்கினாலே அது நலம் பெறும்.

ஐயம் தீர மற்றொரு சோதனையும் உண்டு. விரலி எனப்படும் சிறு சேமிப்புக் கருவியில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, கணினியில் எதையும் நிறுவாமலேயே அதனை இயக்கிப் பார்க்கலாம். அப்போதும் திரை உறைந்து நின்றால் பழுது உறுப்பில் இருக்கக்கூடும். நன்றாக இயங்கினால் நினைவகமும் செயலகமும் பெரும்பாலும் நலமாக உள்ளன என்று கொள்ளலாம். ஆனால், இச்சோதனையில் வன்தட்டு பயன்படுவதில்லை. ஆகவே அதனைத் தனியே சோதிக்க வேண்டும்.

சிங்கப்பூர் தரும் நான்கு பாடங்கள்

பெரிய நிறுவனங்களுக்கும் நமக்கு வரும் இதே தொல்லைகள் வருகின்றன. அளவுதான் வேறு.

ஒன்று: 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்களின் பயணப்பதிவைக் கையால் எழுதிச் செய்ய வேண்டியதாயிற்று. பார்ப்பவர்களுக்கு விண்டோஸே அழிந்துவிட்டதுபோல் தோன்றியது. உண்மையில் கணினியைப் 'பாதுகாப்பு முறை'யில் தொடங்கி, பழுதான ஒரே ஒரு கோப்பை நீக்கியதும் அது எழுந்து நடந்தது. அதற்குப் புதிய கணினியோ புதிய இயங்குதளமோ தேவைப்படவில்லை. காட்சி பெரிதாக இருப்பதால் நோயும் பெரிது என்று முடிவு கட்டலாகாது என்பதே இதன் பாடம்.

இரண்டு: 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், வானாகிரை என்ற நச்சுநிரல் பரவியது. கோப்புகளைப் பூட்டிவைத்துவிட்டுப் பணம் கேட்கும் இந்நச்சுநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கியது. பிரிட்டனில் மருத்துவமனைகளின் பணிகள் நிலைகுலைந்தன. சிங்கப்பூரில் தியோங் பாரு பிளாசா கடைத்தொகுதியின் வழிகாட்டித் திரையில் பணம் கேட்கும் அறிவிப்புத் தோன்றியது. நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இத்தாக்குதலைத் தடுக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14ஆம் நாளிலேயே வெளியிட்டிருந்தது. தாக்குண்டவற்றில் பெரும்பாலானவை அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகளே. அவற்றுக்கு வேண்டியிருந்தது புதிய இயங்குதளம் அன்று. கிடைத்த புதுப்பிப்பை ஏற்றுக்கொண்டிருந்தாலே போதுமானது.

மூன்று: 2018ஆம் ஆண்டு சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 இலட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவாடப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1,60,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் குறிப்பும் சேர்ந்து போயிற்று. அந்நாளைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் தப்பவில்லை. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை பல குறைகளைச் சுட்டியது. அவற்றுள் ஒன்று, ஒரு பணிநிலையக் கணினியின் மின்னஞ்சல் செயலி, கிடைத்திருந்த புதுப்பிப்பைப் பெறாமல் இருந்தது என்பதாகும். வேலி முழுவதும் உறுதியாக இருந்தாலும் ஓரிடத்தில் விட்ட இடைவெளி வழியே பன்றி தோட்டத்திற்குள் புகுந்துவிடும் அல்லவா?

நான்கு: மாற்றுவது எப்போதும் நன்மையே என்றும் எண்ணிவிடக் கூடாது. சிங்கப்பூரின் பெருவிரைவு இரயில் சேவை 1987ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் தொடங்கியது. அதன் பழைய சமிக்ஞை முறையை நீக்கிப் புதிய முறையை நிறுவும் பணி நடந்துகொண்டிருந்தபோது, 2017ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் காலையில் ஜூ கூன் நிலையத்தில் இரண்டு இரயில்கள் மோதின; முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். புதிய மென்பொருளும், அதற்கேற்ப இன்னும் மாற்றப்படாத பழைய பாதைக் கருவியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமையால் இரயிலின் காப்பு நீங்கியதே காரணம் என்று கண்டறியப்பட்டது. அதற்காகச் சமிக்ஞையைப் புதுப்பிக்கும் திட்டத்தை அவர்கள் கைவிடவில்லை. பழைய முறையில் இயங்கிய பகுதியையும் புதிய முறையில் இயங்கிய பகுதியையும் பிரித்து ஓட்டி, சோதனைகளை முடித்து, 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் மீண்டும் இணைத்தனர். புதியதும் பழையதும் கலந்து நிற்கும் இடைக்காலமே ஆபத்தானது என்பதை இதிலிருந்து நாம் அறிகின்றோம்.

எப்போது திருத்தலாம்?

இயங்குதளம் இன்னும் தயாரிப்பாளரின் ஆதரவில் இருந்து, உறுப்புகளும் நலமாக இருந்தால் திருத்துவதே சிக்கனம். திருத்தும்போது எளியதிலிருந்து கடியதற்குச் செல்ல வேண்டும்.

1. கோப்புகளுக்குப் படியெடுத்துக்கொள்ளுதல்.
2. அண்மையில் நிறுவிய செயலியையோ இணைத்த கருவியையோ நீக்கிப் பார்த்தல்.
3. கணினியைப் பாதுகாப்பு முறையில் தொடங்கி நச்சுநிரல் சோதனை செய்தல்.
4. இயங்குதளத்தின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளையை இயக்குதல்.
5. முன்னர்ப் பதிந்து வைத்த மீட்புப் புள்ளிக்குத் திரும்புதல்.
6. சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் மீட்டமைத்தல். இதில் கோப்புகள் தங்கும். நாம் நிறுவிய செயலிகள் நீங்கிவிடும்.
7. எதற்கும் மசியாவிட்டால் வன்தட்டைத் துடைத்து முற்றிலும் புதிதாக நிறுவுதல்.

முதற்படியைத் தாண்டி ஏழாம் படிக்குப் பாய்கின்றவர்களே பெரும்பாலும் கோப்புகளை இழக்கின்றனர்.

எப்போது மாற்ற வேண்டும்?

ஓர் இயங்குதளத்தில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளைத் தயாரிப்பாளர் அடைத்துக்கொண்டே வருகின்றார். குறித்த நாளோடு அப்பணி நிறுத்தப்படும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாளும், விண்டோஸ் 7க்கு 2020ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாளும், விண்டோஸ் 10க்கு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளும் பொது ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 10 வைத்திருக்கும் இல்லத்தார் பதிவு செய்துகொண்டால் 2026ஆம் ஆண்டு அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறலாம் என்றும் அறிவிக்கப்பட்டது.

ஆதரவு முடிந்த மறுநாள் கணினி நின்றுவிடாது. அதனால்தான் பலர் ஏமாறுகின்றனர். அது வழக்கம்போல் இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். வங்கி வேலைக்கும் சேமநிதிக் கணக்கிற்கும் அத்தகைய கணினியை இணையத்தில் பயன்படுத்துதல் தகாது.

மேற்படிக்குச் செல்லக் கருவி இடம் கொடுக்கின்றதா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். செயலகமும் ஏற்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். அதனால் நல்ல நிலையில் உள்ள பழைய கணினிகள் பலவும் தகுதி பெறவில்லை. தகுதியுள்ள விண்டோஸ் 10 கணினிகளுக்கு இந்த மேம்பாடு இலவசமே. அதற்கெனப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை.

தகுதி பெறாத கணினியை உடனே குப்பையில் இட வேண்டியதில்லை. 1991ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு, மின்ட் முதலிய இயங்குதளங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் தமிழில் தட்டச்சு செய்யலாம், இணையத்தில் உலவலாம், பள்ளிக் கட்டுரை எழுதலாம். விண்டோஸுக்கென்றே உருவான சில செயலிகள் மட்டும் அங்கே இயங்கமாட்டா. பிள்ளையின் பள்ளி எந்தச் செயலியைக் கேட்கின்றது என்று விசாரித்துவிட்டு மாறுவது நலம்.

தமிழ்க் கோப்புகளுக்குத் தனிக் கவனம்

நம்மவர் மறந்துவிடும் ஒன்று உண்டு. கணினியில் தமிழ் நுழைந்த தொடக்க காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியீட்டு முறை வைத்திருந்தது. சிங்கப்பூர் எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி 1990களில் கணியன் முறையை உருவாக்கித் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவரானார். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வளர்ந்தது. 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ்நெட் 97 மாநாட்டில் அறிஞர்கள் கூடி இச்சிக்கலை ஆராய்ந்தனர். இன்று யூனிகோடு என்ற பொதுக் குறியீடு நிலைபெற்றுவிட்டது. விண்டோஸ் 2000 முதல் தமிழ் யூனிகோடு விண்டோஸில் இடம்பெற்று வருகின்றது.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோயில் கணக்கோ சங்கக் குறிப்போ கவிதையோ உங்கள் கணினியில் இருந்தால், புதிய இயங்குதளத்தில் அது பொருளற்ற குறிகளாய்த் தோன்றக்கூடும். கோப்பு அழியவில்லை, எழுத்துருதான் இல்லை. ஆகவே, கோப்புகளோடு எழுத்துருவையும் படியெடுத்து வைத்து, பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடைக்குச் செல்லும் முன்

ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலையில் நம்மவர் கூட்டம் நிறைந்திருக்கும். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கி, முஸ்தபா கடையில் சாமான் வாங்கிய கையோடு, அருகிலுள்ள ரோச்சோர் கால்வாய்ச் சாலையின் சிம் லிம் சதுக்கத்திற்குக் கணினியைத் தூக்கிச் செல்வோர் பலர். அங்கே மாடிதோறும் கணினிக் கடைகள் உள்ளன. போட்டி மிகுந்த இடமாதலால் நல்ல விலையும் கிடைக்கும். விழிப்பு இல்லையென்றால் ஏமாற்றமும் கிடைக்கும்.

கடையில் கருவியைக் கொடுக்கும் முன் நாம் செய்ய வேண்டியவை சில. கோப்புகளுக்குப் படி எடுத்திருக்க வேண்டும். வங்கிக் கடவுச்சொற்கள் கணினியில் பதிந்திருந்தால் நீக்கிவிட வேண்டும். வன்தட்டு பூட்டாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தனியே எழுதி வைத்திருக்க வேண்டும். அச்சாவி இல்லையென்றால் நம் கோப்பை நம்மாலேயே திறக்க முடியாமற்போகும். பழுது என்ன, செலவு எவ்வளவு, பணம் கட்டிய பின் எத்தனை நாள் உத்தரவாதம் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். வன்தட்டை மாற்றினால் பழையதைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும்; அதில் நம் குடும்பத்தின் விவரங்கள் உள்ளன. திருட்டுப் படியை மலிவாக ஏற்றித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். அதனோடு நச்சுநிரலும் சேர்ந்து வரக்கூடும்.

சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் முதல் நடப்பிலுள்ள பழுதுப்பொருள் சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்திற்குள் தெரியவரும் குறை, பொதுவாக விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். பழைய பொருளுக்கும் இது பொருந்தும். ஆயினும் அதன் வயதும் விலையும் கருதப்படும். பேசித் தீராத வழக்கைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இன்றியே தொடுக்கலாம். இதற்கெல்லாம் பற்றுச்சீட்டே சான்று. ஆகவே, சீட்டு இல்லாமல் பணம் கொடுக்கலாகாது.

செலவைக் கணக்கிடும் முறை

மொத்தச் செலவை மட்டும் பார்க்காமல், அச்செலவு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். பழைய கணினிக்குப் புதிய திடநிலைச் சேமிப்பகம் பொருத்தி இயங்குதளத்தை மீண்டும் நிறுவ 120 வெள்ளி ஆகின்றது என்றும், அதேபோன்ற புதிய கணினி 750 வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். திருத்திய கணினி மூன்று ஆண்டுகள் ஆதரவோடு உழைக்குமானால் ஆண்டுச் செலவு 40 வெள்ளி. புதியது ஆறு ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு 125 வெள்ளி. இங்கே திருத்துவதே ஆதாயம். ஆனால், திருத்தியது ஓராண்டோடு ஆதரவை இழக்குமென்றால் அதன் ஆண்டுச் செலவும் 120 வெள்ளியாகிவிடும். அப்போது உத்தரவாதத்தோடு வரும் புதியதே மேல். கருவியின் விலை வேறுபடலாம். கணக்கின் முறை மாறாது.

1877ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்த 22 ரப்பர் நாற்றுகளிலிருந்து தொடங்கியதே இவ்வட்டாரத்தின் ரப்பர்த் தொழில். அத்தொழிலில் வளர்ந்த நமக்கு இக்கணக்குப் புதிதன்று. பட்டை வளரும்வரை ஒரு பக்கத்திற்கு ஓய்வு கொடுத்து மறுபக்கம் சீவுகின்றோம். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறைந்துவிட்டால் வெட்டி மறுநடவு செய்கின்றோம். இளமரத்தை வெட்டுவதும் அறிவீனம். கிழமரத்தைக் கட்டிக்கொண்டு அழுவதும் அறிவீனம்.

மாற்ற முடிவு செய்துவிட்டால், மேம்பாடு நடக்கும்போது மின்சாரம் தடைபடாமல் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். மடிக்கணினியை மின்னிணைப்பில் வைத்தே செய்தல் வேண்டும். இடி மின்னல் வேளையில் தொடங்கலாகாது. பழைய கருவியைக் கழிக்கும்போது வன்தட்டைத் துடைத்துவிட்டு, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். சிங்கப்பூரில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேருகின்றது. அதில் ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் உள்ளமையால் தோட்டத்துக் கால்வாயில் எறிவதோ எரிப்பதோ கூடாது.

சுருங்கச் சொன்னால், முடிவெடுக்கும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. கோப்புகளுக்குப் படி உண்டா? பழுது உறுப்பிலா, இயங்குதளத்திலா? அந்த இயங்குதளத்திற்கு ஆதரவு எந்நாள் வரை? செலவு ஆண்டுக்கு எவ்வளவு? இந்நான்கிற்கும் விடை எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்பவரை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது. முதல் கேள்விக்கு மட்டும் இன்று மாலையே விடை தேடுவோம். ஏனெனில் கணினி கெட்ட பிறகு அதற்கு விடை தேடுவது கடினம்.